நாற்பத்து மூன்று படிக்கு ஒரு கப்பி

கொடைக்கானல் பஜார்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய ஹபீப் மச்சானுக்கு, பிச்சை முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை ஜாஹிதாவும், அவளுடைய முட்டி நீங்கலாக, நலம். பழனியில் வீட்டார் அனைவரும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

என் போனை நீங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம். "வெள்ளிக்கிழமைக்குள்ள அவ முட்டிக்கு ஒரு வழி பண்ணலைன்னா தங்கச்சியக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றீர்களே, வழி கண்டுபிடித்துவிட்டேன். தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள் மச்சான். அவள் இல்லாத வீட்டில் எனக்கு உப்பு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது.

என் கடை மேலே ரோட்டோரம், வீடு கீழே பள்ளத்தில், நடுவே நாற்பத்து மூன்று படி என்பது தாங்கள் மூச்சு வாங்கி அறிந்ததே. கோயம்புத்தூரில் டிசைன் படிக்கும் நம்ம மகள் ஷிபானாவைக் கேட்டேன். "மொதல்ல பிரச்சினை என்னன்னு எழுதுங்கத்தா. நாலு வழி யோசிங்க, வரைங்க, மாடல் செஞ்சு சோதிங்க, அப்புறம் ஒண்ண எடுங்க" என்றாள். நான் பெரிய எஞ்சினீயர் இல்லையா, உடனே நோட்டு வாங்கி 'பிரச்சினை: படி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சறுக்குப்பாதை வரைந்தேன், மழையில் கால் வழுக்கினால் மலைக்குக் கீழே வெள்ளகவி கிராமத்தில் போய்த்தான் நிற்கணும். குதிரை வைக்கலாமா என்று குதிரைக்கார ஞானவேலுவைக் கேட்டால், "ஏறும்ணே, எறங்காது" என்றுவிட்டான். கடைசியில் கப்பி, கயிறு, கூடை. டீ பிளாஸ்க் தானாக மேலே வரும், ஜாஹிதா ஏறவே வேண்டாம். ஆகா, என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சோதனையன்று கூடை பாதியில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட அவள் ஏறினாள். அடுத்த தடவை பிளாஸ்க் கவிழ்ந்தது, அதைச் சொல்ல ஏறினாள். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை ஏறியிருக்கிறாள் மச்சான், நோட்டில் நானே குறித்து வைத்திருக்கிறேன்!

பன்னிரண்டாவது தடவை அவள் ஏறவில்லை. கீழேயிருந்தே சத்தம் போட்டாள்: "படி அதுபாட்டுக்குக் கெடக்கட்டுங்க! ஒரு நாளைக்கு ஏழு தடவ டீ கொண்டான்னு கத்துறீங்களே, அதையும் அந்த நோட்டுல வரைங்க!" ஷிபானாவிடம் சொன்னேன். "அம்மாகிட்ட மொதல்லயே கேக்கலையாத்தா?" என்றாள். அது எனக்குத் தோணவே இல்லை. ஆகவே இறுதித் தீர்வு: நேற்று முதல் நானே கீழே இறங்கிப் போய் டீ குடிக்கிறேன். கூடையில் இப்போது பூனை படுத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் குடும்பத்து முட்டிகள் அனைத்தையும் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மச்சான்,
பிச்சை முகம்மது

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வியாழன் வந்துவிட்டது. இறங்கி ஏறியதில் என் முட்டி வீங்கிவிட்டது. "தைலம் எடுத்துட்டு வெரசா மேல வா" என்று ஒரே ஒரு குரல்தான் கொடுத்தேன். நான் கடையில் விற்பதே தைலம்தான் என்பது கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் மேலே வந்தாள், கையில் துணிப்பையோடு. "லெட்டர நானே குடுத்துர்றேன்" என்று இதையும் வாங்கிக்கொண்டு பழனி பஸ் ஏறப் போகிறாள். வந்ததும் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள் மச்சான். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் போட்டுக் கொடுத்ததில்லை.