பின்னால் பார்த்த பாதம்

அரச உதவி பெறுவதற்கு முதல் தகுதி, பார்த்த உடனே பரிதாபமாக இருப்பது. இது தெரியாத மடையனாக நான் ஒரு காலத்தில் இருந்தேன். சாதாரண மடையன் அல்ல, இஸ்திரி போட்ட மடையன்.

யுத்தம் முடிந்து எங்கள் ஊர் அடம்பனுக்குத் திரும்பிய புதிதில் ஒரு மிதிவெடி என் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. பிறகு செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதோடு நொண்டாமல் நடக்கப் பழகியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இரண்டு காலும் உள்ளவர்களின் நடையில் குறை கண்டுபிடித்துத் திரிந்தேன் (நம்புங்கள், வாய்விட்டே சொன்னேன்). போன் திருத்தப் படித்திருந்தேன். கருவிகள் வாங்க வழியில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்வாதார உதவி என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தால் எனக்கொரு கடை. கிடைக்காவிட்டால் வயல் வேலைக்குப் போகும் அக்காவின் உழைப்பில் தொடர்ந்து சோறு.

விழா நாளன்று அக்கா சொன்னாள்: “சாரத்தைக் கட்டிக்கொண்டு தடியோட போடா. பாக்கிறவைக்கு விளங்கவேணும்.”

“நான் என்ன பிச்சைக்கோ போறன்?”

உடம்போடு ஒட்டிய நீளக் காற்சட்டை போட்டேன். அதன் கீழ்வாயில் பாதம் நுழைந்ததே பெரிய காரியம். பளபளக்கும் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினேன்.

நடக்க முடியாதவர்களும் வரும் விழா. மேடைக்கு ஏற உயரமான படிகள் மட்டும்! சக்கர நாற்காலியில் வந்தவர்களை நாலுபேர் திருவிழா மாதா சுரூபம்போலத் தூக்கி ஏற்றினார்கள். உதவி என்னவென்று பார்த்தால், எல்லாருக்கும் ஆடு. பக்கத்துக் கதிரையில் கண் தெரியாத முஸ்லிம் பெரியவர், ஓலைத்தொடுவாய் ஊர் நானா ஒருவர் இருந்தார்.

“நான் கச்சான் கடலை விக்கத் தள்ளுவண்டில் கேட்டன் தம்பி. ஆடு தாறாங்களாம். கட்டவிழ்த்து ஓடினா எந்தப் பக்கம் தேடுறது?”

என் பெயரைக் கூப்பிட்டதும் துள்ளலாக நடந்துபோனேன். படியடியில் அலுவலர் மறித்தார்.

“நீர் ஆருக்காக வந்தனீர்?”

“எனக்காகத்தான் சேர்.”

“உமக்கென்ன குறை? என்னைவிட வடிவா நடக்கிறீர்!”

உண்மையான ஆபத்து இதுதான். பெயரை வெட்டப்போகிறார். நானோ, பாராட்டில் புல்லரித்து நின்றேன். போதாக்குறைக்கு, அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இன்னொருமுறை நடந்தும் காட்டினேன்.

“அப்ப போம். உண்மையா ஏலாதவைக்குத்தான் இது.”

அப்போதுதான் புத்தி வந்தது. காலைக் காட்டக் குனிந்தேன். காற்சட்டை ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. “தட்டிப் பாருங்கோ சேர், பிளாஸ்ரிக்!” என்று கெஞ்சினேன். அவர் தொட மறுத்தார். மேடையில் நின்ற பிரதம விருந்தினருக்கோ அடுத்த விழாவுக்கு அவசரம். “ஆரெண்டாலும் பரவாயில்லை, ஏத்துங்கோ!” என்றார்.

ஏறினேன். ஆட்டுக் கயிற்றைக் கையில் தந்தார்கள். படம்பிடிப்பவர், “தம்பி, கொஞ்சம் சோகமாப் பாருங்கோ” என்றார். அந்த நேரம் ஒலிவாங்கி கீச்சிட்டது. ஆடு வெருண்டு என்னைச் சுற்றி ஓடியது. கயிறு கணுக்காலில் சிக்கி ஒரே இழுவை. நான் விழவில்லை. ஆனால் செயற்கைக் கால் தளர்ந்து முழுதாகத் திரும்பிவிட்டது. இடது பாதம் சபையைப் பார்த்தது, வலது பாதம் பின்னால் தொங்கிய பதாகையைப் பார்த்தது. கழன்று விழாமல் அந்தக் காற்சட்டைதான் இறுக்கிப் பிடித்திருந்தது.

“ஐயோ! பெடியன்ர காலை ஆடு முறிச்சுப்போட்டுது!” என்று விருந்தினர் அலறினார்.

“நோகேல்லை ஐயா” என்று சொல்லி, குனிந்து பாதத்தைக் கையால் பிடித்து முன்பக்கம் திருப்பினேன். ‘கறக்’ என்றது. அவர் அப்படியே மாலைத் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். சபை எழுந்து நின்றது. “என்ன தம்பி நடக்குது?” என்று நானா கத்தினார். “ஆராவது சொல்லுங்கோவன்!”

அலுவலர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இதை முதலே காட்டியிருக்கலாமே ஐசே?”

கருவிகள் கிடைக்கவில்லை. ஆடுதான் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோனபோது அக்கா கதை கேட்டு, சிரித்து, விக்கி, தண்ணீர் குடித்தாள். பிறகு ஆட்டை அவளே வளர்த்தாள். அது போட்ட குட்டிகளை விற்றுத்தான் என் போன் கடை வந்தது. கடை திறந்த பெருமையில் நான் மீண்டும் இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

என் கலியாணத்தன்று மாதா கோயில் வாசலில் படம் எடுக்க நின்றோம். “எல்லாரும் முன்னுக்குப் பாருங்கோ” என்றார் படக்காரர்.

“அவன்ர காலுக்கும் சொல்லுங்கோ!” என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

சுவாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மணமகளுக்குக் காரணம் தெரியாது. அன்றிரவே அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் எப்போது படமெடுக்க நின்றாலும், என் மனைவி முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை.