நன்றியுரையின் கடைசி வரி

இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பத் தொப்பியைக் கையில் எடுத்திருந்த வரலாற்றுத் துறைப் பேராசிரியர் அப்துல் கஃபாருக்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து போன் வந்தது.

"சார், துர்கா பேசறேன். உங்க புக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு. எண்பத்து மூணு பர்சென்ட்."

"நல்ல மார்க்குதானேம்மா."

"மார்க் இல்ல சார், காப்பி. நூத்துக்கு எண்பத்து மூணு காப்பின்னு சாப்ட்வேர் சொல்லுது. பத்துக்கு மேல போனா புக்கு கிடையாது."

கஃபார் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார். அன்று மாலை அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகமே புத்தகமாக வெளியிடுகிறது. அதே மேடையில் மூன்று ஆண்டுப் பணி நீட்டிப்பு ஆணையையும் தருவதாகத் துணைவேந்தர் வாக்குக் கொடுத்திருந்தார். புத்தகம் இல்லையென்றால் ஆணையும் இல்லை. காப்பி புகார்களை விசாரிக்கும் குழு திங்கள் காலை பதினொரு மணிக்குக் கூடும்.

"யாரைப் பார்த்தும்மா நான் காப்பி அடிச்சேன்?"

"இளஞ்செழியன் சார் தீசிஸ், செல்வகுமார் தீசிஸ், இன்னும் மூணு பேரோடது."

ஐந்து பேரும் அவருடைய மாணவர்கள்.

"அவனுங்கதாம்மா என்னைப் பார்த்து அடிச்சானுங்க!"

"அது சாப்ட்வேருக்குத் தெரியாதே சார். உங்களுது தொண்ணூத்தொண்ணுல டைப்ரைட்டர்ல அடிச்சது, கம்ப்யூட்டர்லயே ஏத்தல. அவங்களுதுதான் முன்னாடி ஏத்தியிருக்கு."

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் எழுதியவர்களை நொத்தேர் என்பார்கள். அந்த நொத்தேர்களின் பழைய பத்திரங்களைக் கொண்டு இந்த ஊர்த் துணி வியாபாரிகளின் கதையைச் சொன்னது கஃபாரின் ஆய்வேடு. ஆறு அத்தியாயங்கள். அந்த ஆறிலிருந்து நாற்பத்தொரு கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். இரண்டாம் அத்தியாயம் அவரைப் பாரிஸுக்கே கூட்டிக்கொண்டு போனது. அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பிரெஞ்சில் கேள்வி கேட்டபோது, கஃபார் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் கட்டிவிட்டதாகச் சைகை செய்து, பெருத்த கைத்தட்டலோடு இறங்கினார். இப்படி அந்த ஆய்வேட்டின் மேல் சாய்ந்தபடியே முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்திருந்தார். சாய்வது அவருக்கு வசதியாகவே இருந்தது.

தொழுகை முடிந்ததும் நேரே துறைக்குப் போனார். இளஞ்செழியன் இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியர்.

"இளஞ்செழியா, ஒரு லெட்டர் எழுதிக் குடு. என் தீசிஸ்லேருந்து எடுத்துட்டேன்னு ரெண்டே வரி."

"குடுக்கலாம் சார். ஆனா என் பட்டம் போயிடும்."

"உன் பட்டத்த நான் பாத்துக்கறேன்."

"நீங்க எப்படி சார் பாப்பீங்க? இது சொந்த ஆய்வுதான், நான் சரிபார்த்துட்டேன்னு உள்ள கையெழுத்துப் போட்டதே நீங்கதான். காப்பி அடிச்சவன் நான்னா, காப்பிக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டவரு நீங்க."

கஃபார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லெட்டர் வேணுமா சார்?"

"வேணாம்."

"டீ சொல்லட்டுங்களா?"

சனிக்கிழமை காலை முல்லா வீதி வீட்டில், கஃபார் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு வார்த்தைகளை மாற்ற ஆரம்பித்தார். வியாபாரி என்றிருந்த இடத்தில் வணிகர். கப்பல் என்றிருந்த இடத்தில் மரக்கலம். ஆனால் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமென்றால் அது எதைச் சொல்கிறது என்று தெரிய வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது.

"ஜீனத்து, மூணாம் அத்தியாயத்துல ஒரு விதவை வராளே, அவ எதுக்கு நொத்தேர்கிட்ட போனா?"

அவர் மனைவி ஜீனத்துன்னிசா அடுக்களையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"புருசன் பேர்ல இருந்த தறியெல்லாம் தன் உழைப்புல வந்ததுன்னு எழுதி வாங்கப் போனா."

"எந்த வருசம்?"

"ஆயிரத்து எழுநூத்து எழுபத்தாறு. பிப்ரவரி. மழை பேஞ்சதால சாட்சி வரல, மறுபடி மார்ச்ல போனா."

"உனக்கு எப்படித்தான் இதெல்லாம் ஞாபகம் இருக்கோ."

"நாலு தடவ அடிச்சா மறக்குமா?" என்றாள் அவள், செதிலைச் சுரண்டியபடி.

அது உண்மைதான். அந்தக் காலத்தில் திருத்தம் வந்தால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். டைப்ரைட்டர் அவள் அத்தாவுடையது. நொத்தேர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணச் சீரோடு அதுவும் வந்தது.

மாலை ஐந்து மணிக்குத் துர்கா வீட்டிலிருந்தபடியே சாப்ட்வேரில் போட்டுப் பார்த்துவிட்டு அழைத்தாள்.

"சார், தொண்ணூத்தொண்ணு."

"வருசமா?"

"பர்சென்ட் சார். ஏறிடுச்சு. நீங்க மாத்தின வார்த்தையெல்லாம் செல்வகுமார் ஏற்கெனவே அப்படியே மாத்தி வெச்சிருக்காரு."

செல்வகுமாருக்கு வார்த்தை மாற்றச் சொல்லிக் கொடுத்தது யார் என்பது கஃபாருக்கு நினைவு வந்தது. போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே வழிதான் மிச்சம். 1991ஆம் ஆண்டு முத்திரை குத்திய அசல் பிரதி நூலகத்தில் இருக்கிறது. அதைக் குழுவின் முன் வைத்துவிட்டால் யார் முந்தி, யார் பிந்தி என்பது தெரிந்துவிடும். நூலகர் கலியபெருமாள் அதைத் தட்டில் பலகாரம் கொண்டு வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பாத்து வாங்குங்க சார். காத்துக்குப் பறந்துடும்."

கறுப்பு அட்டைக்குள் ஒரே ஒரு தாள் இருந்தது.

"மத்ததெல்லாம் எங்கய்யா?"

"உங்க ஸ்டூடண்ட்ஸுதான் சார். வந்தவன் ஒவ்வொருத்தனும் வேண்டியத பிளேடு போட்டு எடுத்துட்டான். இந்த நன்றியுரை மட்டும் யாருக்கும் தேவப்படல."

தாளின் மூலையில் 1991 முத்திரை இருந்தது. கீழே கடைசி வரி: பொறுமையுடன் தட்டச்சு செய்து உதவிய என் மனைவி ஜீனத்துன்னிசாவுக்கு நன்றி.

கஃபார் படம் எடுத்து அனுப்பியதும் துர்கா உற்சாகமாகிவிட்டாள்.

"இது போதும் சார்! வீட்ல முத்திரை இல்லாத கார்பன் காப்பி ஒண்ணு இருக்குன்னீங்களே, அத எடுத்துட்டு வாங்க. இத அடிச்சது நான்தான்னு மேடம் ஒரு சத்தியப் பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சிது. டிராஃப்ட் நானே ரெடி பண்ணிடறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜீனத்துன்னிசா புது நூலின் அச்சுப்படியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பெயர்களில் இருந்த பிழைகளை எல்லாம் அவள்தான் போன வாரம் திருத்தியிருந்தாள். அதில் நன்றியுரை மூன்று பக்கம் இருந்தது. துணைவேந்தரில் தொடங்கி நண்பகல் உணவு கொண்டு வந்த பையனில் முடிந்தது. தட்டச்சு வரியை மட்டும் கஃபார் எடுத்துவிட்டிருந்தார். இந்தக் காலத்தில் யார் தட்டச்சைப் பற்றியெல்லாம் போடுகிறார்கள்?

"நான் எதுக்குங்க அங்க? புக்குல நான் இல்லவே இல்லியே" என்றாள்.

"சும்மா ஒரு கையெழுத்துதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒரு வார்த்த வேணாம்."

"முப்பத்து நாலு வருசமா அதானே செய்றேன்."

அவள் சிரித்தமாதிரி இருந்தது. கஃபாரும் சிரித்து வைத்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குழுத் தலைவர் ராஜாங்கம் கார்பன் காப்பியைப் புரட்டிப் பார்த்தார். நன்றியுரைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அரங்கில் மாலை விழாவுக்கு நாற்காலிகளை விரித்துப் போடும் சத்தம் கேட்டது. கஃபாரின் காதுக்கு அது சங்கீதமாக இருந்தது.

"நல்லதாப் போச்சு. அம்மா கையெழுத்து போட்டுட்டா நாங்க கிளியர் பண்ணிடுவோம். என்னம்மா, இத நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"அவங்களுக்கு சப்ஜெக்ட் ஒண்ணும் தெரியாது சார்" என்று கஃபார் முந்திக்கொண்டார். "பாத்து அடிச்சாங்க, அவ்வளவுதான்."

ஜீனத்துன்னிசா அவரை ஒரு முறை பார்த்தாள்.

துர்கா பத்திரத்தை அவள் முன் வைத்துப் பேனாவை நீட்டினாள். ஜீனத்துன்னிசா பேனாவை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவள் அத்தாவின் பாடம். முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். விரல் மூன்றாவது வரியில் நின்றது.

"போடும்மா, ஃபார்மாலிட்டிதான்" என்றார் கஃபார். அவர் குரல் கட்டியிருந்தது. இந்த முறை சைகை தேவைப்படவில்லை.

"இது சத்தியப் பத்திரம்தானே சார்? தப்பா எழுதினா குத்தம் இல்லியா?" என்று அவள் ராஜாங்கத்தைக் கேட்டாள்.

"குத்தம்தாம்மா. ஏன், தேதி எதாவது தப்பா?"

"தேதி சரியா இருக்கு சார். அவரு எழுதிக் குடுத்தத பாத்து அடிச்சேன்னு இங்க ஒரு வரி போட்டிருக்கு" என்றாள் ஜீனத்துன்னிசா. "அவரு எதுவும் எழுதிக் குடுக்கல சார். சோத்த எறக்கி வெச்சிட்டு உக்காந்து, நான் யோசிச்சு யோசிச்சு நேரா மெஷின்லயே அடிச்சேன்."