நான் தலையாட்டிய பக்கம்

அன்புள்ள மைத்துனி டோன்காவுக்கு,

உன் அக்காள் கணவன் வெலிச்கோ எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் நெவேனாவும் எங்கள் மகளும் சுகம். அங்கே ஸ்லிவெனில், உன் இரண்டு விரல்கள் நீங்கலாக, மற்ற எல்லாம் சுகம் என்று நம்புகிறேன். இந்த வரியை எழுதிய பிறகுதான் அதன் லட்சணம் கண்ணில் படுகிறது. அடித்தால் அசிங்கம், விட்டால் அதைவிட அசிங்கம். மன்னித்துக்கொள்.

போனில் சொல்லலாம் என்றால் நீ என் நம்பரைப் பார்த்ததும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் உனக்கில்லை. ஆனாலும் ஆலையிலிருந்து உனக்கு வந்த விசாரணை அறிக்கையில் "மெக்கானிக் வெலிச்கோ குற்றச்சாட்டை மறுத்தார்" என்று இருப்பதாக நெவேனா சொன்னாள். அது எப்படி நடந்தது என்று விளக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூன்று வாரமாக இறங்கத்தான் இறங்குகிறது, ஆனால் ருசியில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். செப்டம்பரில் குடைமிளகாய் லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நின்றதை நீயும் பார்த்தாய். காம்பறுக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் கத்தி நின்றுவிடும், அதற்குத்தான் அந்தச் சுவிட்சு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மிளகாய் சிக்கி, மூடியைத் திறந்து, கத்தி நின்று, வேலை நின்று, நம் ஃபோர்மன் மெத்தோதி தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா வெலிச்கோ, ஒரு கம்பிய எடுத்து அந்த சுவிட்ச இறுக்கிக் கட்டித் தொலையேன்! மூடி தொறந்தாலும் அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார். கட்டினேன். மூன்றாம் நாள், சிக்கிய காம்பை எடுக்க நீ மூடியைத் திறந்தாய். "அத்தான், நிக்கலையே!" என்று நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ இயந்திரத்தை ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை, ஏதோ தகவல் சொல்வதுபோலச் சொன்னாய்.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதே. மறுநாளே புகார்ப் பெட்டியில் ஒரு காகிதம் போட்டேன். பேர் போடாமல், இடது கையால், கோணல்மாணலாக எழுதி, திருடனைப்போல நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போட்டேன். சாயங்காலமே மெத்தோதி என்னை ஓரமாகக் கூப்பிட்டு அதே காகிதத்தைக் கையில் கொடுத்தார். பெட்டியின் சாவி அவரிடம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அதைவிட, நான் எழுதியது பழுதுபார்ப்புச் சீட்டின் பின்பக்கம், முன்பக்கத்தில் என் பேரும் வேலை எண்ணும் அச்சாகியிருந்தன. "பேரு போடாத கடுதாசிக்கு நல்ல காகிதமாப் பாத்துத்தான் எடுத்திருக்கே" என்றார். "அதோட, விபத்துங்கிற வார்த்தைய ரெண்டு எடத்துல தப்பா எழுதியிருக்கே." சிவப்புப் பேனாவால் திருத்தியும் வைத்திருந்தார்.

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை தேன் ஜாடியோடு வீட்டுக்கு வந்து, என் மேஜையில் உட்கார்ந்து, என் ராக்கியாச் சாராயத்தைக் குடித்து, அழுதுவிட்டார். உனக்குத் தெரியாததா? அவர் என் கும். கோயிலில் என் தலையிலும் உன் அக்காள் தலையிலும் கல்யாணக் கிரீடம் வைத்தவர், எங்கள் மகளுக்குப் பேர் வைத்தவர், அவளுக்குப் பொதிகட்டும் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. "நான் போனா அந்தப் பொண்ணும் போயிடுவாப்பா. உனக்குப் பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. கம்பிய கட்டினது யாரு கை?" என்றார். பெற்ற தகப்பனை எதிர்த்துப் பேசினாலும் ஊர் ஒருநாளில் மறந்துவிடும், கும்மை எதிர்த்துப் பேசினவனோடு ஊர் சேர்ந்து சாப்பிடாது. அன்று நான் அவருக்கு எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. தேனை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு வியன்னாவிலிருந்து, தலைமை அலுவலகத்தின் ஆள், ஏபெர்ல் என்ற ஆஸ்திரியர் விசாரிக்க வந்தார். சின்ன அறை. அவர், மொழிபெயர்க்கிற பெண் ரலித்சா, எதிரே மெத்தோதி, நடுவில் நான். எனக்கோ அன்று பார்த்துத் தொண்டைக்கட்டு. "சுவிட்சைக் கட்டச் சொன்னது ஃபோர்மன்தானா?" என்று கேட்டார். நான் பிறந்த நாளிலிருந்து ஆமென்பதற்கு எப்படி ஆட்டுவேனோ அப்படியே, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினேன். பல்கேரியாவில் எருமைமாட்டுக்குக்கூட அது ஆமென்று தெரியும். அந்த மனிதர் ஊரில் அதற்கு "இல்லை" என்று அர்த்தமாம்! மறுத்தார் என்று எழுதிக்கொண்டுவிட்டார். ரலித்சா வாயால் சொன்னதைத்தான் மொழிபெயர்ப்பாள், தலையை மொழிபெயர்க்க அவளுக்குச் சம்பளம் கிடையாது. வெளியே வந்ததும் மெத்தோதி என்னை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இதுதான் நடந்தது, டோன்கா. உன்னை அஜாக்கிரதை என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பியதற்குக் காரணம் ஒரு வெளிநாட்டுக்காரரின் அறியாமை. ஆகவே நீ ஆலைமேல் போட்ட வழக்கில் வியாழக்கிழமை கோர்ட்டில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டு எல்லாருக்கும் சங்கடம் உண்டாக்குவதைவிட, உன் வக்கீலை விட்டு வியன்னாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். பல்கேரியர்கள் எந்தப் பக்கம் தலையாட்டுவார்கள் என்று ஒரு பத்தியில் விளக்கினால் போதும். எனக்கு முதுகு வலியும் இருக்கிறது.

இத்துடன் ஆறு பாட்டில் மிளகாய் விழுது அனுப்பியிருக்கிறேன். இறுக்கி மூடினேன். பிறகு உன் கை ஞாபகம் வந்து ஆறையும் தளர்த்தினேன். தளர்த்தினால் புளித்துப்போகும் என்று உன் அக்காள் மறுபடி இறுக்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரையாவது திறந்துதரச் சொல்.

உன் கணவருக்கு என் கைகுலுக்கல், உன் மாமியாருக்கு வணக்கம். தேவமாதா உன்னையும் உன் மீதியுள்ள எட்டு விரல்களையும் காப்பாற்றட்டும்.

உன் நலம் விரும்பும் அத்தான்,
வெலிச்கோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நெவேனா வாங்கிப் படித்தாள். வாட்டிய மிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்த கையோடு படித்ததால் கறை பட்டிருக்கிறது. படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ஆளு இருவது வருஷமா நம்ம ஊருக்கு வந்து மிளகா வாங்குறவராச்சே. அவருக்கா தெரியாது?"

நான் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு" என்றாள்.

சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். அவருக்குத் தெரியும். நான் ஆட்டியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரலித்சா மூலமாக மரியாதையாகக் கேட்டார்: "உங்க தலையாட்டல் எனக்கு நல்லாவே தெரியும். ஆனா எங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு சில பேர் எங்க முறையிலயும் ஆட்டுறாங்க. இப்ப நீங்க ஆட்டினது எந்த ஊர் முறை?" மெத்தோதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டைக்கட்டெல்லாம் ஒன்றுமில்லை, கணீரென்று குரல் வந்தது.

"உங்க ஊர் முறைங்க" என்றேன்.

மேலே எழுதியதில் மிளகாய் விழுது மட்டும்தான் நம்பத் தகுந்தது. இப்படி ஒரு மனிதனை உன் அக்காளுக்குக் கட்டிவைத்ததற்கு உங்கள் வீட்டார் முன்னால் வெட்கப்படுகிறேன். இதை அப்படியே உன் வக்கீலிடம் கொடு: சுவிட்சைக் கம்பியால் கட்டியது நான். கட்டச் சொன்னது மெத்தோதி. உன்மேல் எந்தத் தவறும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை நேரில் வருவேன் என்று சத்தியம் செய்யலாம், ஆனால் என் சத்தியத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

இதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். நெவேனா கையைக் கழுவித் தன் கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டாள். "குடு, நானே போடுறேன்" என்று வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வெலிச்கோ