றம்ஸியாவின் தலைக்கு இரண்டு போத்தல்

சாராயத் தவறணைக்கு எதிரேயிருந்த தையல்கடையில் கலந்தர் தன் சேட்டின் மூன்றாவது பொத்தானையும் பிய்த்து மேசையில் வைத்தார்.

"இதுவும் கழண்டு போச்சு தம்பிமுத்தண்ணன். தைச்சுத் தாங்க."

தம்பிமுத்து ஊசியைக் கீழே வைத்தார்.

"காக்கா, ஒரு மணித்தியாலமா இதில நிண்டு பொத்தானப் பிய்க்கிறீங்க. கண் ரெண்டும் அங்காலதான் நிக்குது. உள்ள போகப் பயமெண்டா சொல்லுங்க, நான் வாங்கித் தாறன்."

கலந்தர் பிய்த்த பொத்தானை மேசையில் உருட்டினார்.

"எனக்கில்ல அண்ணன். பீர்தான் வேணும். ஆனா எனக்கில்ல."

"எல்லாரும் அப்பிடித்தான் காக்கா சொல்லுவாங்க."

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் உலகம் சொல்லும். தவறணை வாசலில் நின்றால் கேட்கவா வேண்டும்? அதிலும் கலந்தர் கல்முனை பஸ் டிப்போவின் நேரக்காப்பாளர். பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பஸ் ஏறுகிற அத்தனை பேருக்கும் அவர் முகம் தெரியும். ஐம்பது வயதுக்கு அவர் பீர்ப் போத்தலைக் கையால் தொட்டதுகூட இல்லை.

எல்லாம் மகள் றம்ஸியாவின் முடியால் வந்த வினை. நெருப்புக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவளது முடி காய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை மருதமுனையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வாத்தியார். தங்கமான பையன். ஆனால் அவனுடைய உம்மா சுபைறா, பெண்ணின் பின்னலை அவிழ்த்து, முடியைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சம்மதம் சொல்லுவாள். முடி சரியில்லை என்று ஏற்கெனவே மூன்று பெண்களை வேண்டாம் என்றிருக்கிறாள்.

மனைவியின் தங்கை சுல்பிகா போன மாதம்தான் துபாயிலிருந்து வந்திருந்தாள். அவள்தான் இந்த வைத்தியத்தைச் சொன்னது.

"நான் வேல செஞ்ச ஊட்டுக்கார மடம் தலைக்குப் பீர்தான் மச்சான் ஊத்துற. முடி பட்டு மாதிரி வந்திரும்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! ஹறாமான சாமான்!"

"குடிக்கிறதுதானே ஹறாம்? தலைக்கு வாயா இரிக்கி? மறுகா நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவினாச் சரி."

கலந்தர் மனைவி நஸீறாவைப் பார்த்தார். அவள் தடுப்பாள் என்று நம்பினார்.

"இதுவும் விட்டுப் போனா புள்ள கொமராவே இரிந்திருவா. அத ஓசிச்சீங்களா?" என்றாள் நஸீறா.

அப்படித்தான் அவர் தையல்கடைக்கு வந்து சேர்ந்தார்.

தம்பிமுத்து வாங்கி வந்த போத்தலை டிப்போப் பைலுக்குள் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குச் சைக்கிள் மிதித்தார். எதிரே வந்த எல்லோரும் பைலையே பார்ப்பது போல் இருந்தது. யார் ஸலாம் சொன்னாலும் பதில் சொல்லாமல் போனார். அன்று அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதென்று ஊரில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள்.

றம்ஸியாவின் தலையில் பீரை ஊற்றிக் கழுவிக் காய வைத்தார்கள். முடி தும்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. இருந்ததையும் கெடுத்தாயிற்று. றம்ஸியா அழுதாள்.

சுல்பிகா வெற்றுப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மஞ்சள் பீரெல்லோ மச்சான்! மடம் ஊத்துற கறுப்பு."

அடுத்த நாள் கலந்தர் மறுபடியும் தையல்கடையில் நின்றார். தம்பிமுத்துவின் காதோடு கேட்டார்.

"மஞ்சள் சரிவரல்ல அண்ணன். கறுப்பு இரிக்கா?"

தம்பிமுத்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"காக்கா, உங்கள என்னவோ எண்டு நினைச்சன். நீங்க ருசி தெரிஞ்ச ஆள். மஞ்சள் பெக்டரிச் சாமான், மெசின்ல லட்சக்கணக்கா ஓடி வாறது. ஒரு போத்தலுக்கும் மத்தப் போத்தலுக்கும் வித்தியாசம் தெரியாது. கறுப்பு வேற. மலைநாட்டில ஒரு சின்னப் பட்டறையில மரப்பீப்பாயில வெச்சு எடுக்கிறாங்க. காய்ச்சினவன்ட கைப்பக்குவம் அதில தெரியும்."

"கொஞ்சம் மெதுவாக் கதைங்க அண்ணன்!"

"இந்தக் கல்முனையில எல்லாரும் மஞ்சளக் குடிச்சுப் போட்டுப் படுக்கிற ஆக்கள். கதைக்க ஒரு ஆள் இல்லாம இருந்தன் காக்கா. கோமாரிக்கு அங்கால வெள்ளைக்காரங்க தங்குற ஹோட்டல் ஒண்டு இருக்கு. அங்கதான் கறுப்பு வரும்."

செவ்வாய்க்கிழமை கலந்தர் லீவு போட்டுவிட்டுப் போனார். ஹோட்டல்காரன் வரவேற்று உட்கார வைத்தான்.

"கறுப்பு எப்பிடி வேணும் சேர்? நல்ல கசப்பா, கொஞ்சம் இனிப்பா?"

கலந்தர் மனதில் இருந்ததைச் சொன்னார். "மிருதுவா இரிக்கணும். உதிரக்கூடாது."

ஹோட்டல்காரன் மரியாதையோடு ஒரு போத்தலைத் திறந்தான். "ருசி பார்த்துச் சொல்லுங்க சேர்."

"ஏலா. நான் நோன்பு."

வாயில் வந்த முதல் பொய் அதுதான். ஹோட்டல்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நோன்பு பிடிச்சுக்கிட்டுப் பீர் வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான் சேர்."

திறந்த போத்தலின் மூடியை மறுபடி அமுக்கி, இன்னொன்றோடு சேர்த்துப் பன்புல் பையில் வைத்துக் கொடுத்தான்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கலந்தர் மடியில் இரண்டு போத்தல். பஸ் கோமாரியைத் தாண்டி அடுத்த தரிப்பில் நின்றது. ஏறி வந்தவரைக் கண்டதும் அவர் பையை இறுக அணைத்துக்கொண்டார். மருதமுனைப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் முகைதீன்பாவா. மாப்பிள்ளையின் வாப்பா.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி" என்றபடி மரைக்கார் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. பைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கபில நிற நுரை பையின் வாயால் பொங்கி வந்து கலந்தர் உடுத்திருந்த சாரத்தில் வழிந்தது.

"என்ன தம்பி நுரைக்கிது?"

"மருந்து மரைக்கார்."

"ஆருக்கு?"

மகளுக்கு என்றால் நோயாளிப் பெண் என்பார். "எனக்குத்தான்" என்றார் கலந்தர்.

"என்ன வருத்தம்?"

"தலைக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெண்ணின் வாப்பாவுக்குத் தலையில் வருத்தமென்றால் யார் சம்பந்தம் செய்வார்கள்?

"தலைக்கா?" மரைக்கார் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். குனிந்து இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இத எங்க வாங்கின?"

"ஒரு வைத்தியர்ட்ட."

"எந்த வைத்தியர்?"

"வெள்ளையன் வைத்தியர்."

"ஊடு எங்க?"

"கோமாரியில. தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில."

கோமாரியில் தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இல்லாத வீடே கிடையாது. அதற்குப் பிறகு மரைக்கார் கலந்தரையும் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாய்ந்தமருதில் பஸ் நிற்பதற்கு முன்பே கலந்தர் இறங்கிவிட்டார்.

மிச்சம் இருந்த ஒன்றரைப் போத்தலும் றம்ஸியாவின் தலைக்குப் போனது. சுல்பிகா சொன்னது பொய்யில்லை. முடி மினுமினுவென்று இடுப்புவரை வழுக்கிக்கொண்டு விழுந்தது. நஸீறா சந்தோசத்தில் அழுதாள். கலந்தர் மட்டும் சாரத்தில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை டிப்போவில் கண்டக்டர் சரீப் அவரிடம் வந்தான்.

"காக்கா, உங்களுக்கு வெள்ளையன் வைத்தியர் எண்டு ஆரையும் தெரியுமா? நேத்து மருதமுனை மரைக்கார் கோமாரியில எறங்கி, ஊடு ஊடா அவரத் தேடித் திரிஞ்சாரு. உங்கட பேரையும் சொல்லிக் கேட்டாராம்."

பொய்யைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார்! இனிக் கலியாணம் இல்லை. பள்ளியில் கூட்டம் வைப்பார்கள், ஊரெல்லாம் குடிகாரன் என்பார்கள், றம்ஸியாவை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அன்று கலந்தரின் நேரக்குறிப்புப் புத்தகத்தில் அக்கரைப்பற்று பஸ் புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு ஓடினார். "மணம் போகக் கழுவுங்க! இன்னம் கழுவுங்க!"

சவர்க்காரம் போட்டார்கள். போகவில்லை. சாம்பிராணிப் புகை காட்டினார்கள். அதற்கு மேல் அத்தரைப் பூசினார்கள். கடைசியில் சந்தனக்கூட்டுக் கந்தூரிக்குள் தவறணை திறந்தது போல ஒரு மணம் வந்து நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். பெண்கள் அறைக்குள் போனார்கள். மரைக்கார் விறாந்தையில் கலந்தருக்கு நேரெதிரே உட்கார்ந்தார். பலகாரத்தைத் தொடவில்லை.

"வெள்ளையன் வைத்தியர் எண்டு கோமாரியில ஒரு குருவியும் இல்ல தம்பி" என்றார் மெதுவாக.

கலந்தர் பலகாரத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

அறைக்குள் சுபைறாவின் குரல் கேட்டது. "பின்னல அவிழுங்க."

வளையல் சத்தம். திரைச்சீலையின் இடைவெளியில் கலந்தர் பார்த்தார். சுபைறா முடியை இரண்டு கையாலும் அள்ளினாள். விரலால் உருவினாள். மூக்கருகே கொண்டு போனாள். நீளமாக மூச்சை இழுத்தாள். அவளது புருவம் மேலே ஏறியது. நஸீறா தேத்தண்ணித் தட்டை அப்படியே கீழே வைத்தாள். சுல்பிகா பின்கதவால் நழுவினாள்.

இனி மறைத்துப் பயனில்லை. மகளுக்காகக் காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று கலந்தர் எழுந்தார்.

"மரைக்கார், நான் ஒரு உண்மையச் சொல்லணும்..."

மரைக்கார் பாய்ந்து அவர் கையைப் பிடித்து அமுக்கினார். "இப்ப ஒண்டும் கதைக்காதீங்க! பொம்பிளயளுக்குக் கேக்கும்!"

சொல்லிவிட்டு அவரும் திரைச்சீலைப் பக்கம் களவாகப் பார்த்தார்.

திரைச்சீலை விலகியது. முடிக்கற்றையைக் கையிலிருந்து விடாமல், றம்ஸியாவையும் கூடவே இழுத்துக்கொண்டு சுபைறா வாசலில் வந்து நின்றாள். கலந்தரை அவள் பார்க்கவே இல்லை. புருசனைத்தான் பார்த்தாள்.

"இஞ்சாருங்க! கறுப்பு ஒரு இடமும் கிடைக்கிதில்லெண்டு மூணு வருசமா என்ட தலைக்கு மஞ்சளத்தானே வாங்கித் தந்தீங்க? எங்க கிடைக்கிதெண்டு நம்மட சம்பந்திக்கிட்டக் கேளுங்க!"