இருபது எலிகளின் பணியிட மாற்றம்

வெளிநாட்டார் நம் நாட்டுச் சமையல் எண்ணெயை உடம்புக்குக் கெடுதல் என்று குறை சொல்லிவந்த எண்பதுகளில், அதன் மானத்தைக் காக்கும் பொறுப்பு சுங்கை வே என்ற ஊரில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்து நாற்பது வெள்ளை எலிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இடப்பக்கக் கூண்டில் இருபதுக்கு நம் எண்ணெய். வலப்பக்கக் கூண்டில் இருபதுக்கு வெளிநாட்டு எண்ணெய்.

இடப்பக்கத்துக்குத் தீனி போட்டவர் மகதலேனா. ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். அவரை நிரந்தரமாக்கும் கடிதம் ஆய்வு அதிகாரி சண்முகரத்தினத்தின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை இடப்பக்கத்தில் ஓர் எலி படுத்துவிட்டது.

"தேறாது சார். வயசாயிருச்சு," என்றார் மகதலேனா.

"எங்கட எண்ணெயைத் திண்டிட்டுச் சாகிறதோ? ரிப்போர்ட்டில என்னண்டு பிள்ளை எழுதுறது?"

"செத்துப்போச்சுன்னு எழுதலாம் லா, சார்."

முப்பதாண்டு அரசாங்க சேவையில் சண்முகரத்தினம் கண்ட உண்மை ஒன்றுதான்: மாற்றலால் தீராத சிக்கல் கிடையாது. 'சேவையின் நலன் கருதி, உடனடியாக அமலுக்கு வரும் வகையில்' எலி வலப்பக்கக் கூண்டுக்கு மாற்றப்பட்டது. மறுநாள் அங்கே, வெளிநாட்டு எண்ணெயின் பொறுப்பில், உயிர் நீத்தது. மாற்றல் படிவத்தில் மகதலேனா கையெழுத்துப் போட்டார். கடிதம் இன்னும் மேசையில் அல்லவா இருந்தது!

பிறகு தும்மிய எலிக்கு மாற்றல். ஒரு வேளை தீனியை மறுத்த எலிக்கும் மாற்றல். ஒன்றரை வருடத்தில் இடப்பக்கக் கூண்டு காலி. மரணம்: பூஜ்யம்.

பாராட்டுவதற்குத் தலைமையகத்திலிருந்து இயக்குநர் பழனியப்பன் வந்தார். காலிக் கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒரு சாவுகூட இல்ல. பிரமாதம்!" என்றார். பிறகு மேசையில் இன்னும் கிடந்த மகதலேனாவின் கடிதத்தைப் புரட்டினார். "ஆனா, எலியில்லாத கூண்டுக்கு ஆள் எதுக்கு? இந்தம்மாவ நிறுத்திடலாமே?"

சண்முகரத்தினம் அவசரமாக மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

"மாறிப் போனது எலிதான் சார்," என்றார் மகதலேனா. "அதுங்களோட இருபது போஸ்ட்டும் இங்கயேதான் இருக்கு. அத ரத்து பண்ணாம என்னை எப்படி நிறுத்துவீங்க?"

ரத்து செய்வதென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் எலிகள் எங்கே போயின என்றும் எழுத வேண்டும். இயக்குநர் பேனாவைத் திறந்து கடிதத்தில் தாமே கையெழுத்துப் போட்டார்.

இருபது காலியிடங்களைப் பராமரிக்க மகதலேனா அன்றே நிரந்தரமானார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். சிரிப்பு வரத்தான் செய்தது. அவரவர் மேசையிலும் அன்றாடம் இதே வேலைதான் நடக்கிறது என்பது ஞாபகம் வந்ததும் அடக்கிக்கொண்டோம்.