பச்சைச் சால்வை கட்டிய நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீ அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் காலையிலிருந்து நீ சோபாவில் இருக்கிறாய், அம்மா உன் பக்கத்தில் இருக்கிறாள், உன் சக்கர நாற்காலி என்னிடம் இருக்கிறது. இந்த நிலையில் உன் நலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை.

மேலே ஒரு திருத்தம். உன் நாற்காலி என்னிடம் இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே வருவாய். கணக்கு டீச்சர். விடை தப்பு என்று தெரிந்துவிட்டால் வழிமுறையைப் படிக்க மாட்டாய். எனக்கு வழிமுறைக்காவது பாதி மதிப்பெண் வேண்டும். அதனால் கடிதம். சாயங்காலம் வேன் உங்கள் பக்கம் வரும், டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரைத் திட்டாதே. இதில் அவருக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் திட்டாதே.

நாளைக் காலை உன் பள்ளியில் சரிவுப் பாதை திறக்கிறார்கள். மறக்கவில்லை. இத்தனை வருடம் அந்த வாசல் படிகளில் இரண்டு பேர் உன்னை நாற்காலியோடு தூக்கிப் போனதையும், ஒவ்வொரு தடவையும் நீ முகத்தைத் திருப்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததையும் நானும் பார்த்திருக்கிறேன். கேட்டுக் கேட்டு, சலிக்காமல் கேட்டு, அந்தப் பாதையை வாங்கியவள் நீ. நாளை முதலில் ஏறப்போவதும் நீ. யாரும் பின்னாலிருந்து தள்ளக் கூடாது என்று தலைமையாசிரியையிடமே சொல்லிவைத்திருக்கிறாய். முன்சக்கரம் கொஞ்சம் ஆடுகிறது, ஏறும்போது காலை வாரிவிடக் கூடாது என்றுதான் நாற்காலியை எங்கள் பட்டறைக்குக் கொடுத்தாய். என்னை நம்பி. அந்த இடத்தில்தான் கணக்கு தவறியது.

பட்டறையின் வழக்கம் உனக்குத் தெரியாது. யாருக்கோ வேண்டாமல் போன சக்கர நாற்காலிகள் இங்கே வரும். கை ஒடிந்தவை, மழையில் கிடந்தவை, ஒரு சக்கரம் மட்டும் ஊர் சுற்றப் போய்விட்டவை. அவற்றைச் சரிசெய்து, வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம். உன்னைப் போல் சொந்த நாற்காலி உள்ளவர்களுடையதையும் பழுது பார்ப்போம். இரண்டு வகையும் ஒரே கூரையின் கீழ், ஒரே வரிசையில். அடையாளம் துணிதான். கைப்பிடியில் சிவப்புத் துணி என்றால் வேலை பாக்கி. பச்சை என்றால் வேலை முடிந்தது, வேனில் ஏற்று, கொண்டுபோய்க் கொடு. இது வெல்டர் அக்கா போட்ட சட்டம். பட்டறை அவருடைய ஆட்சி. சீட்டு ஒட்டினால் கிரீஸில் ஊறிப்போகிறது, துணி ஊறினாலும் நிறம் மாறாது என்பது அவர் வாதம்.

உன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது உன் பச்சைச் சால்வை அதன் பக்கவாட்டுப் பையிலிருந்து நழுவிச் சக்கரத்தில் சிக்கப் பார்த்தது. சால்வை பத்திரம் என்று நீ வாசலிலிருந்தே கத்தியது நினைவுக்கு வந்தது. எடுத்தேன். கைப்பிடியில் கட்டினேன். நன்றாக, இரண்டு முடிச்சு.

அப்புறம் நடந்ததை மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் எனக்கே தைரியம் போய்விடும். முன்சக்கரத்தை வெல்டர் அக்கா மாற்றிக் கொடுத்தார், நான் கை கழுவப் போனேன், டிரைவர் வந்தார், அவருக்கு எப்போதும் அவசரம், எங்கள் பட்டறையில் அவர் பெயரே அவசரம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு ஒரு நாற்காலி போக வேண்டியிருந்தது, சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி, அவருக்கென்று தயாரான பெரிய நாற்காலி பச்சைத் துணியோடு உன்னுடையதற்குப் பின்னால் நின்றது, அவசரம் முன்னால் நின்ற பச்சையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார், நான் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் உன் இடத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருக்கிறது.

வெல்டர் அக்கா முகக் கவசத்தைத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"யார்டா அதுல பச்சை கட்டினது?"

"பச்சை இல்லக்கா, அது சால்வை."

"சால்வை என்ன கலரு?"

துடைத்த கையை நான் மறுபடியும் துடைத்தேன்.

"எம்.ஏ. வேற படிச்சிருக்க."

"இலக்கியம்க்கா."

"அதான பார்த்தேன்."

அவசரம் திரும்பி வந்ததும் அவரிடம் கேட்டேன். "கலரைப் பார்த்தேன், ஏத்தினேன். அது சால்வையா கோவணமான்னு ஆராய்ச்சி பண்றதுக்கு ஆள் நான் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிட்டார். ஆகவே வேன் இல்லை. கண்டக்டருக்கு உரிய பெரிய நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு, நடந்து, அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

காலியான சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் போயிருக்கிறாயா? உனக்கு வாய்ப்பில்லை. ஊரே நிறுத்திக் கேட்கிறது. "உட்கார்ந்திருந்த ஆளு எங்கப்பா?" என்று ஒருவர். பின்னால் திரும்பித் தேடவும் செய்தார். சந்தைக்குப் போய்வந்த ஒரு அம்மா, என்னைக் கேட்காமலேயே இரண்டு பைகளை ஆசனத்தில் வைத்துவிட்டு, "அந்த முக்கு வரைக்கும்தான் ராசா" என்று கூடவே நடந்தாள். முக்கு வந்தது. அவள் வீடு வரவில்லை. அடுத்த முக்கு என்றாள். நான் கண்டக்டர் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

கதவைத் திறந்தது கண்டக்டரின் மனைவி.

"அவரா? நாற்காலி வந்துச்சு, ஏறி உட்கார்ந்தார். பையில கைய விட்டுப் பார்த்தார். முகமே மாறிடுச்சு. ஒரு வாய் சாப்பிடக்கூட இல்ல, கிளம்பிட்டார். கண்ணாடிக் கடைக்குப் போறேன்னார்."

"போன் இருக்குமாம்மா அவர்கிட்ட?"

"இதோ, சார்ஜ்ல கிடக்கு. இந்த ஜன்னலை விட்டு அசையாத மனுஷன் தம்பி. நீங்கெல்லாம் நல்லா இருக்கணும்."

நாற்காலி மாறிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். ஜன்னலைப் பார்த்தேன். விளிம்பில் பெயின்ட் தேய்ந்திருந்தது, முழங்கை வைக்கும் இடத்தில் மட்டும்.

கண்ணாடிக் கடையில் அவர் இல்லை. "கண்டக்டர்தானே? வந்தார். ஒரு மூக்குக் கண்ணாடியைக் காட்டிக் கேட்டார். இந்த மாதிரி ஆயிரம் செய்யறோம் சார், ஞாபகம் இல்லன்னேன். தையல்காரர்கிட்ட கேட்கறேன்னு போயிட்டார்." எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்த முதல் நாளே புதுக் கண்ணாடி, புதுச் சட்டை. மாப்பிள்ளை மாதிரி கிளம்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்காரரிடமும் இல்லை. அவர் வாயில் குண்டூசிகள். பாதிதான் பேச முடிந்தது. "மெத்தையைக் காட்டினார். நம்ம கைவேலைதான் சார்னேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துடுச்சு. கைகுடுத்துட்டு, ம்ம், மெயின் ரோட்டுப் பக்கம்" என்று தலையால் திசை காட்டினார். மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். இலக்கியம் படித்ததன் பயன். உன் மெத்தை உறையில் அந்த மனிதர் மயங்கிவிட்டார், அதே போல் இன்னொன்று தைக்கச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

மெயின் ரோட்டில் அவரைப் பார்த்தேன்.

பஸ் நிறுத்தம். உன் நாற்காலியில் அவர், மடித்து வைத்த குடை மாதிரி. அவ்வளவு உயரம். கைப்பிடியில் உன் சால்வை காற்றில் ஆடுகிறது. ஒரு பஸ் நிற்கிறது. ஆள் ஏறவில்லை, இறங்கவில்லை, சும்மா நிற்கிறது. டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி அவரோடு பேசுகிறார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. இருவருக்கும் அது கேட்கவில்லை. டிரைவர் கையை நீட்டி அவர் தலையைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை, சிரித்தார். இவரும் சிரித்தார். அப்புறம் இவர் கையை உயர்த்தி, "போலாம், ரைட்" என்றார். பஸ் கிளம்பியது.

நான் எதிர்ப்பக்கம். காலி நாற்காலியோடு. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

கூப்பிடவில்லை, அக்கா. கூப்பிட்டு என்ன சொல்ல? சார், கொஞ்சம் எழுந்திருங்க, அது வேறு ஒருவருடையது என்று நடுரோட்டிலா? ஒரு காலோடு அவரைத் தூக்கி மாற்ற நாலு பேர் ஓடிவருவார்கள். எல்லோருக்கும் நல்ல மனசு. கேட்காமல் உன்னைத் தூக்கியவர்களுக்கும் நல்ல மனசுதான். நீ சுவரைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவர் எந்தச் சுவரைப் பார்ப்பார்? அங்கே சுவரே இல்லை. எல்லாம் திறந்த ரோடு.

திரும்பி வந்துவிட்டேன். இதுதான் என் விடை. தப்பாக இருக்கலாம்.

இனி வேண்டுகோள். உன் நாற்காலி அவரிடமே இருக்கட்டும். நாளை, அவருக்கென்று வைத்திருந்த பெரிய நாற்காலியில் நீ ஏறு. நேர்மையாகச் சொல்கிறேன், அது நல்ல நாற்காலி இல்லை. பெஞ்சு அகலம். இடது பக்கம் லேசாகச் சாய்கிறது, எதையோ ஒட்டுக்கேட்பது போல. ஆனால் மதியத்திலிருந்து நானும் வெல்டர் அக்காவும் அதை உன் அளவுக்குக் குறுக்கிவிட்டோம். கால் வைக்கும் தட்டை ஏற்றினோம், முதுகைத் தாழ்த்தினோம், இரண்டு பக்கத்தையும் உள்ளே நெருக்கினோம். என் கையில் தோலுரியாத விரல் இல்லை. "குறுக்கினது குறுக்கினதுதான். மறுபடி விரிக்கணும்னு வந்தா நீதான் விரிக்கணும்" என்று வெல்டர் அக்கா சொல்லிவிட்டார். விரிக்க வேண்டி வராது என்றேன். எங்க அக்கா புரிஞ்சுப்பாங்க என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனா நீ புரிஞ்சுப்ப. கத்துவ, அப்புறம் புரிஞ்சுப்ப. எப்பவும் அந்த வரிசைதான்.

உன் மூக்குக் கண்ணாடி, சாக்பீஸ் டப்பா எல்லாம் அந்தப் பையில்தான் போய்விட்டன. புதிது வாங்கித் தருகிறேன். சால்வைக்கு மட்டும் மன்னிப்பு கேட்கிறேன், அது உனக்குப் பிடித்தது.

அம்மாவுக்கு என் வணக்கம். தலையணையை உனக்குப் பின்னால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். நாளைக் காலை வெயில் அதிகமில்லாமல், பாதை வழுக்காமல், பேசுகிறவர்கள் சுருக்கமாகப் பேசி, எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். நான் கீழே நிற்பேன். தள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
திட்டு வாங்கக் குளித்துத் தயாராக இருக்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது நீ போன் செய்தாய். பேசியது உனக்குத் தெரியும், ஆனாலும் வழிமுறையை முழுதாக எழுதிவிடுகிறேன், நீ சொல்லிக்கொடுத்தபடி.

"டேய், எங்க இருக்க?"

"பட்டறையில."

"காலி நாற்காலியத் தள்ளிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினியாமே. கண்டக்டர் சார் சொல்றார். மெயின் ரோட்டுல உன்னைப் பார்த்தாராம். பாவம், யாரையோ பறிகொடுத்த பையன்னு நெனச்சாராம்."

"எந்த கண்டக்டர்?"

"எத்தனை கண்டக்டர் தொலைச்ச நீ? இங்கதான், நம்ம சோபாவுல இருக்கார். அம்மா தலையணை வச்சுக்கிட்டு இருக்காங்க. என் நாற்காலி வந்துடுச்சு. நான் அதுலதான் உட்கார்ந்து பேசறேன்."

அதாவது, நான் அவரைத் தேடியபோது அவர் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்குப் போனது உன் கண்ணாடியைக் காட்டி விசாரிக்க. தையல்காரர் மெத்தையை அடையாளம் கண்டு உன் தெருவைச் சொன்னார், அதுதான் கைகுலுக்கல். பஸ்ஸை நிறுத்தியது வழி கேட்க. பிறகு போனை அவரிடமே கொடுத்தாய்.

"தம்பி, உட்கார்ந்ததும் கைப்பிடியில பார்த்தேன், துணி. சீட்டுல துணி கிடந்தா அது வேற ஒருத்தர் போட்டு வச்ச இடம். சர்வீஸ் முழுக்க இதுக்குத்தானே பஞ்சாயத்து பண்ணேன். எனக்கே அப்படி ஒரு சீட்டு வந்தா உரியவங்ககிட்ட சேர்க்காம இருப்பேனா? அது சரி, என் சீட்டு எங்க?"

அவர் சீட்டு என் முன்னால் இருக்கிறது. உன் அளவில். அவர் உயரத்துக்கு அது முக்காலி.

நாளை உனக்குப் பின்னால் அவரும் அந்தப் பாதையில் ஏற வேண்டும் என்று நீ சொல்லிவிட்டாயாம், அவரும் பழைய விசிலைத் தேடி எடுக்கச் சொல்லி வீட்டுக்குச் சொல்லிவிட்டாராம். நீ கிளம்ப அவர் விசில் கொடுப்பாராம். வெல்டர் அக்காவிடம் சொன்னேன். ஸ்பானரை என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதே. தட்டை இறக்கி, முதுகை உயர்த்தி, பக்கங்களை விரித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் கைப்பிடியில் எந்தத் துணியும் கட்டப் போவதில்லை. நானே தள்ளிக்கொண்டு வருகிறேன். வழியில் யாராவது பை வைத்தால் கொஞ்சம் தாமதமாகும்.