துரையின் கல்லும் அன்னம்மாவின் பாலும்

வடிவேலு வீட்டுக்குள் நுழைந்தபோது துரையின் கல் பாலில் குளித்துக்கொண்டிருந்தது.

"அடியே அன்னம்மா! அதைக் கழுவத்தானே கொடுத்தேன்?"

"கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன். தண்ணி முடிஞ்சு, தேன் முடிஞ்சு, இப்போ பால். பக்கத்துல வராதீங்க, இன்னும் நீங்க குளிக்கல," என்றாள் அவன் மனைவி.

வடிவேலு வில்மட் துரையிடம் பியூன். துரைக்குக் கல்தான் வேலை, கல்தான் பேச்சு. ஜொகூரில் ஒரு மலையடியை வாரக்கணக்கில் வெட்டவைத்தார். சுருள் ஓடு பதிந்த கல் ஒன்றைக் கண்டெடுப்பவனுக்குக் கை நிறைய இனாம் என்றும் அறிவித்தார். கடைசியில் மருதப்பன் என்ற கூலி, மண் அப்பிய கறுப்புக் கல் ஒன்றை எடுத்துக் கொடுத்து இனாமை வாங்கிக்கொண்டான். மறுநாள் மாலை கல் ஆராய்ச்சிச் சங்கத்துக் கனவான்கள் முன்னால் அதைக் காட்டித் துரை பேச வேண்டும். "பத்திரம். உடைந்தால் உனக்கு வேலை இல்லை," என்று சொல்லித்தான் கழுவக் கொடுத்தார். வடிவேலு கழுவுகிற வேலையை வழக்கம்போல் மனைவியின் தலையில் கட்டினான்.

மண் கரைந்ததும் கல்லின் நடுவே அழகான சக்கரம் தெரிந்தது. சனிக்கிழமை தவறாமல் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள், சக்கரம் போட்ட கறுப்புக் கல்லைக் கண்டால் சும்மா விடுவாளா?

"இது சாளக்கிராமம். பெருமாளே வந்திருக்காரு," என்றாள்.

"இது செத்துப்போன நத்தை!"

"வாயைக் கழுவுங்க!"

வடிவேலு சளைக்கவில்லை. துரையின் பின்னால் பெட்டி தூக்கித் தூக்கிக் கேட்டதெல்லாம் அவன் மண்டையில் இருந்தது. அடுப்படியில் இருந்த தோசைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

"இதோ பாரு. அடியில இருக்கிற தோசை எப்போ சுட்டது?"

"முதல்ல."

"மலையும் அப்படித்தான். அடியில இருக்கிற அடுக்கு பழசு, மேல இருக்கிறது புதுசு. ஒவ்வொரு காலத்துலயும் கடல்ல ஒவ்வொரு விதமான நத்தை இருந்திருக்கு. ஓட்டுல மடிப்பு மாறிக்கிட்டே வரும். எந்த நத்தை எந்த அடுக்குல கிடைக்குதோ, அதை வச்சு அடுக்கோட வயசைச் சொல்லிடலாம். இந்தச் சுருள் நத்தை ஜுராசிக் காலத்ததுன்னு துரை சொல்லுவாரு. மனுசனே பிறக்காத காலம்!"

அன்னம்மா தோசையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மனுசன் பிறக்கிறதுக்கு முன்னாடியே இருந்தவருன்னு வெள்ளைக்காரத் துரையே சொல்லிட்டாரா!"

இந்தச் செய்தி அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி காதில் விழுந்தது. அவள் காதில் விழுந்தால் கண்டாங் கெர்பாவ் வட்டாரம் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரிதான். வடிவேலு குளித்துவிட்டு வருவதற்குள் கூடம் நிறையப் பெண்கள். ஆளுக்கொரு செம்பு பால், கை நிறையத் துளசி.

"துரை கனவுல பெருமாள் வந்தாராமே?" என்று ஒருத்தி வடிவேலுவையே கேட்டாள்.

அவன் மனைவியை அடுக்களைக்குள் இழுத்தான். "அன்னம்மா, நாளைக்குக் கல் போகலேன்னா என் வேலை போயிடும். வேலை போனா வாடகைக்கு எங்கே போறது? உன் பெருமாளுக்குப் பால் யாரு வாங்குறது?"

அன்னம்மாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் மனம் இளகவில்லை.

"மத்த விக்கிரகம்னா பிரதிஷ்டை பண்ணணும். சாளக்கிராமத்துக்கு அதுகூட வேண்டாம், வந்து உட்கார்ந்தாலே சாமிதான். தினமும் நைவேத்தியம் காட்டியாகணும். துரை காட்டுவாரா? மாட்டிறைச்சி வேகுற வீடு! நான் அனுப்ப மாட்டேன்."

இதற்குமேல் பேசினால் கூடத்தில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் தன்மேல் பாய்வார்கள் என்று வடிவேலுவுக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு அழகப்பனின் பூஜைச் சாமான் கடைக்கு ஓடினான். கல்கத்தாக் கப்பலில் வரும் காசிச் சரக்கெல்லாம் அங்கேதான் இறங்கும்.

"அண்ணே, கைப்பிடி அளவுல ஒரு சாளக்கிராமம் வேணும். என்ன விலை?"

"சிவ சிவ! சாமிக்கு விலை சொல்லலாமா? தட்சிணை வைங்க," என்றார் அழகப்பன்.

வடிவேலு தட்சிணை வைத்தான்.

"இந்தத் தட்சிணைக்குச் சாமி கையைவிட்டு வர மாட்டாரு," என்றார் அழகப்பன்.

கையில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கல்லைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, காலையில் துரையின் மேசைமேல் வைத்தான். வைத்தபிறகுதான் ஒன்று உறைத்தது. எந்த மலைக் கல்லையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வேன் என்று துரை அடிக்கடி பெருமையடிப்பார். இதுவோ இமயமலைப் பக்கத்து ஆற்றுக் கல்.

துரை பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். கல்லைத் திருப்பினார். நகத்தால் சுரண்டினார். வடிவேலு மனத்துக்குள் மூட்டை கட்டித் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஊருக்குக் கப்பல் ஏறியே விட்டான்.

"வடிவேலு!"

"துரை, பிள்ளைகுட்டிக்காரன்..."

"நீ நன்றாகக் கழுவினாய்! மடிப்பு ஒவ்வொன்றும் தெளிவு. ஜுராசிக், சந்தேகம் இல்லை. ஜொகூர் மலையின் வயது தெரிந்துவிட்டது!"

அன்று மாலை கனவான்கள் கைதட்டிய சத்தம் வாசலில் குடை பிடித்து நின்ற வடிவேலுவுக்குக் கேட்டது. துரை வெளியே வந்து அவன் தோளைத் தட்டி, இனி நீதான் தலைமைப் பியூன் என்றார். ஜொகூர் மலை ஜுராசிக் காலத்தது என்று சீமைக்கு எழுதப்போவதாகவும் சொன்னார்.

வீட்டில் அன்னம்மா பாயசம் வைத்திருந்தாள். வடிவேலுவுக்கு இறங்கவில்லை. படித்த மனுசனை, நம்பிக் கல்லைக் கொடுத்தவரை, சபை நடுவில் முட்டாளாக்கிவிட்டோமே என்று மனசு அறுத்தது. மறுநாள் விடிந்ததும் அழகப்பன் கடைக்கே போய் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினான்.

"பாவம்ணே எங்க துரை. உங்க கடைக் கல்லைக் காட்டி ஜொகூருக்கு வயசு சொல்லிட்டாரு. சீமைக்கு எழுதுறதுக்குள்ள உண்மையைச் சொல்லிடப் போறேன். வேலை போனாலும் போகட்டும். அன்னம்மா கால்ல விழுந்தாவது அந்த அசல் கல்லை வாங்கிக் கொடுத்திடறேன்."

அழகப்பன் சாம்பிராணிப் பொட்டலத்தைக் கட்டி முடித்து நூலை அறுத்தார்.

"அந்த அசலும் நம்ம கடைச் சாமிதான் தம்பி, போன மாசம் உங்க மருதப்பன் தட்சிணை வச்சு வாங்கிட்டுப் போனான், மண்ணு மட்டும்தான் ஜொகூருது."